மூன்று புள்ளிகளுக்குள் எத்தனை பேர்?

ஒரு பட்டியலைச் சுருக்கிக் காட்டலாம். ஆனால் எவ்வளவைச் சுருக்கினோம் என்பதைச் சொல்லாமல் சுருக்கக் கூடாது. கணினியில் செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. முள்ளிவாய்க்காலில் பிறந்தவன் என்பதால் வகுப்பறைக்கு வெளியேயும் இதைச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, யாரோ சுருக்கிக் கொடுத்த எண்கள்.

செய்நிரல் பிழையான விடை தந்தால் அதற்குள் புகுந்து வழுவைத் தேடவேண்டும். அதற்கு மிகப் பழைய வழி, இன்றைக்கும் எல்லோரும் கையாளும் வழி ஒன்று உண்டு. ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, அந்த நேரத்தில் நினைவகத்தில் இருப்பதைத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது. இருப்பது ஒரேயோர் எண் என்றால் சிக்கல் இல்லை. மாவட்டத்துக்குள் பிரதேச செயலகம், அதற்குள் கிராம அலுவலர் பிரிவு, அதற்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள் என்று அடுக்கடுக்காக அமைந்த தரவை அப்படியே அச்சிட்டால் திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். தேடுவது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கருவிகளை ஆக்கியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நீண்ட பட்டியலில் முன்னுக்குக் கொஞ்சமும் பின்னுக்குக் கொஞ்சமும் காட்டி, நடுவில் மூன்று புள்ளிகள் வைத்தார்கள். நீண்ட சொற்றொடரைப் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்தார்கள். ஆழமான அடுக்கை ஒரு குறியோடு மூடினார்கள். இந்தச் சுருக்கம் இல்லாமல் பெரிய தரவோடு எவராலும் வேலை செய்ய முடியாது. நானும் நாள்தோறும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து, ஊரவர்கள் கொப்பிகளில் எழுதி வைத்திருந்த பெயர்களைக் கணினியில் ஏற்றிவருகிறேன். 2009இல் யுத்தத்தின் முடிவில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒரே ஆளைத் தாயும் எழுதியிருப்பார், சித்தப்பாவும் எழுதியிருப்பார், பக்கத்துப் பங்கரில் இருந்தவரும் எழுதியிருப்பார். அப்படி இரட்டித்து விழுந்த வரிகளைக் கண்டுபிடிக்கப் பைதான் மொழியில் ஒரு சிறிய செய்நிரல் எழுதினோம். ஒரு நாள் ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டார்.

"சேர், இது பிடிக்குதில்லை. ரெண்டு வரியும் ஒரே ஆள். ஆனா வேற வேற எண்டு சொல்லுது."

திரையில் பார்த்தேன். முதலெழுத்து ஒன்று, பெயர் ஒன்று, வயது ஒன்று. இடம்பெயர்ந்த வழி என்ற நிரலிலும் இரண்டு வரிகளுக்கும் அதே எழுத்துகள்: "பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுத..." செய்நிரலைத் திருத்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட மாணவி ஆயத்தமாக இருந்தார்.

"முழுசாய் விரிச்சுப் பாரும் பிள்ளை," என்றேன்.

விரித்தார். சுதந்திரபுரம் மட்டும் ஒன்றாக வந்த வழி அதற்குப் பிறகு பிரிந்தது. ஒருவருடைய வழி தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று போய் அங்கேயே நின்றுவிட்டது. மற்றவருடையது வலைஞர்மடம் தாண்டி முள்ளிவாய்க்கால் வரை வந்திருந்தது. இரண்டு கொப்பிகள், இரண்டு தாய்மார், இரண்டு பிள்ளைகள். செய்நிரல் சரியாகவே சொல்லியிருந்தது. இரண்டு பேரை ஒருவராகக் காட்டியது திரை. அந்தத் திரையை நம்பிச் சரியான செய்நிரலைத் "திருத்தி" இருந்தால், ஒரு பிள்ளை பட்டியலில் இருந்தே இல்லாமல் போயிருப்பான்.

இதில் மாணவியின் பிழை ஒன்றும் இல்லை. நாங்கள் பயன்படுத்திய பாண்டாஸ் என்ற நிரலகம், வேறாகச் சொல்லாவிட்டால், ஒரு கட்டத்துக்குள் 50 குறிகளுக்கு மேல் காட்டாது. ஐம்பது என்றால் தாராளம் என்று ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தோன்றும். தமிழுக்கு அந்த இடம் கெதியாய் முடிந்துவிடும். முள்ளிவாய்க்கால் என்பது நாங்கள் வாசிக்கையில் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் ஒவ்வொரு உயிர்மெய்க் குறியும் ஒவ்வொரு புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் அது 16 குறிகள். ஆங்கிலத்தில் அதே பெயர் 12 எழுத்தில் முடிகிறது. 15ஆவது குறியோடு வெட்டினால் கடைசி லகரத்தின் புள்ளி உதிரும். 14ஆவதில் வெட்டினால் லகரமே போய்விடும். தமிழ்ப் பெயர்களை வைத்து வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. முன்பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம், வால் வெட்டுப்பட்டால் பெரிதாகப் பாதகமில்லை என்ற எண்ணத்தில்தான் இந்த வெட்டு அமைந்திருக்கிறது. வன்னியில் அந்த எண்ணம் பொருந்தாது. கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து புறப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழியின் முன்பகுதி ஒன்றே. எல்லோரும் அதே வீதியால், அதே ஊர்களைத் தாண்டித்தான் வந்தோம். யார் எங்கே நின்றார், யார் எங்கே இல்லாமல் போனார் என்று ஆளுக்கு ஆள் வேறுபடுவது கடைசி இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களில்தான். வெட்டுப்படுவதும் அதே பெயர்கள்தான்.

எல்லாக் கருவிகளும் ஒரேமாதிரிச் சுருக்குவதில்லை. நம்பை என்ற நிரலகம், ஓர் அணியில் 1000 உறுப்புகளுக்கு மேல் இருந்தால் முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் காட்டி நடுவில் புள்ளி வைக்கும். பாண்டாஸ் 60 வரிகளுக்கு மேற்பட்ட அட்டவணையில் முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து வரிகளைக் காட்டும். ஆனால் கீழே மொத்தம் எத்தனை வரி, எத்தனை நிரல் என்பதையும் எழுதிவிடும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 100 உறுப்புகளைக் காட்டி நிறுத்தி, இன்னும் இத்தனை இருக்கின்றன என்று எண்ணைச் சொல்லும். ஜி.டி.பி. என்ற பழைய வழுநீக்கி 200 உறுப்புகளோடு நிறுத்தும். ஒரே மதிப்பு பத்துத் தடவைக்கு மேல் தொடர்ந்து வந்தால், மதிப்பை ஒருமுறை எழுதி, எத்தனை தடவை வந்தது என்றும் எழுதும். லிஸ்ப் மொழியில் நீளத்துக்கு ஒரு வரம்பு, ஆழத்துக்கு ஒரு வரம்பு என்று இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். ஒரு பட்டியல் எவ்வளவு நீளம் என்பதும், அதன் ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் எவ்வளவு அடுக்கு இருக்கிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்பை நீண்ட காலமாக மூன்று புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது. நடுவில் ஆயிரம் இருக்கிறதா, ஒரு கோடி இருக்கிறதா என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்து அறிய முடியாது. 2024 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். சுருக்கிக் காட்டும்போது அணியின் முழு அளவும் இப்போது பக்கத்தில் வருகிறது. உலகமெங்கும் விஞ்ஞானிகள் பயன்படுத்தும் ஒரு கருவி இந்தச் சிறு மாற்றத்தை வந்தடைய இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. இதிலிருந்து நான் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளைக் கொடுக்கிறேன். மொத்தம் எத்தனை? எந்த இடத்தில் வெட்டினாய்? முழுவதையும் பார்க்க வழி என்ன? எந்தச் சுருக்கமும் இந்த மூன்றுக்கும் விடை சொல்லவேண்டும். சொல்லாத சுருக்கத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

அதே மூன்று கேள்விகளோடு 2009க்குப் போவோம்.

அந்த வருடம் பெப்ரவரியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்த மக்கள் 70,000 பேர் என்று கொழும்பு சொன்னது. முல்லைத்தீவில் மக்களோடு மக்களாக நின்று கடமை செய்த அரச நிருவாகத்தினரின் கணக்கு 330,000. இரண்டும் ஒரே அரசின் இரண்டு மேசைகளில் இருந்து வந்தவை. சிறிய எண்ணைச் சொன்னவர்கள் எந்தப் பதிவில் இருந்து எடுத்தோம், யாரை விட்டோம் என்று காட்டவில்லை. அந்த எண் பத்திரிகைச் செய்தியோடு நின்றிருந்தால் அது வெறும் வாதமாகப் போயிருக்கும். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, மக்கள் தொகை வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டதையும், அதோடு சேர்ந்து உணவும் மருந்தும் உள்ளே வருவது குறைக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறது. 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 282,380 பேர் என்பது ஐ.நா.வின் பதிவு. பெப்ரவரிக்கு முன்பே வெளியேறியவர்களைக் கழித்துப் பார்த்தாலும், எழுபதாயிரத்துக்கு வெளியே விடப்பட்டவர்கள் எவ்வளவு பெருந்தொகை என்பது விளங்கும். கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த வித்தியாசம் வயிற்றில் தெரிந்தது.

இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் இதே கதைதான். அப்போது இலங்கையில் இருந்த ஐ.நா. குழு 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்ததாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் கணக்கு வைத்தது. அது உறுதிப்படுத்த முடிந்தவற்றை மட்டும் சேர்த்த கணக்கு. மே 13ஓடு அது நிற்கிறது. யுத்தம் முடிந்தது மே 18இல். முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசி ஐந்து நாட்கள் என்னவென்று தெரியும். பட்டியலின் வால் எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்பதைச் சொல்லாமல் 7,721 என்ற எண்ணை மட்டும் எடுத்துக் காட்டுபவர், "சுத..." என்று நின்ற அந்தக் கட்டத்தை முழு விலாசம் என்று காட்டுகிறார்.

நிபுணர் குழு இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. ஐ.நா. தன் நடத்தையைத் தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, 70,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கணக்கு இல்லை என்றது. இந்த எண்கள் நேர்மையாகத் தேடிக் கண்டவை. ஆனாலும் உருட்டிய எண்கள். நீளத்தைச் சொல்கின்றன, ஆழத்தை மூடிவிடுகின்றன. எந்த ஊர், எந்த வயது, எந்த நாள், எந்தக் குடும்பம் என்பதெல்லாம் நாற்பதாயிரம் என்ற சொல்லுக்குள் ஒரு குறியாக அடைபட்டுக் கிடக்கின்றன.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை கொடுத்த எண் வேறுவகையானது. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த மக்கள், கச்சேரிப் பதிவுப்படி 429,059. அடுத்த ஜூலை 10 வரை வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். எல்லோரும் இறந்தார்கள் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மொத்தம் எத்தனை என்று சொன்னார். எங்கே இருந்து எங்கே வரை என்று சொன்னார். எந்தப் பதிவில் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதனால்தான் மறுக்க விரும்புபவரும் அந்தக் கணக்கோடு நேருக்கு நேர் நின்று பேசலாம். முதல் எண் கூடுதல் என்றோ, இரண்டாவதில் சிலர் விடுபட்டார்கள் என்றோ ஆதாரத்தோடு காட்டலாம். விட்டுப்போனதைத் தன் முகத்திலேயே எழுதிவைத்த எண் அது. எங்கள் மண்ணில் இருந்து எழுந்த சுருக்கங்களில் அதையே நான் மிக உயர்ந்ததாக மதிக்கிறேன்.

இந்த வேலை விஞ்ஞான முறையில் எப்படி நடக்கிறது என்பதற்கும் எங்களிடம் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும், மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் 2018 டிசம்பரில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 503 பேர் என்பது அந்த மதிப்பீடு. தனித்தனியே தொகுத்த பல பட்டியல்களை ஒப்பிட்டு, ஒரே ஆள் எத்தனை பட்டியல்களில் வருகிறார் என்று பார்த்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று கணிப்பது அந்த முறை. பட்டியல்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போனால், பதிவாகாமல் விட்டவர்கள் குறைவு என்று கணக்குச் சொல்லும். இங்கேதான் என் மாணவி பார்த்த இரண்டு வரிகளின் பாரம் விளங்கும். வெவ்வேறு பட்டியல்களில் இருக்கும் வெவ்வேறு இருவரை ஒருவர் என்று தவறாக இணைத்தால், இழப்பது ஒரு பெயரை மட்டும் இல்லை. பட்டியல்கள் உண்மையைவிடக் கூடுதலாக ஒத்துப்போவதாகத் தோன்றும். அதனால் ஒருவரும் எழுதிவைக்காதவர்களின் மதிப்பீடும் சேர்ந்து சுருங்கும். திரையில் மூன்று புள்ளிகளைப் பார்த்து அவசரமாக எடுக்கும் முடிவு அவ்வளவு தூரம் போகும்.

எல்லாப் பெயர்களையும் எல்லோருக்கும் திறந்துவை என்று நான் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். வன்னியில் பெயர் கொடுக்கப் பயப்படும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. யார் கேட்டது, என்ன சொன்னீர்கள் என்று விசாரிக்க ஆள் வரும் என்ற பயம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. உயிரோடு இருக்கும் உறவினரின் விலாசத்தை ஊருக்குக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. அங்கே சுருக்கம் ஒரு பாதுகாப்பு. ஆனால் மறைக்கும்போது மறைத்தோம் என்று எழுதுங்கள். இந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது, குடும்பத்தின் விருப்பப்படி மறைக்கப்பட்டிருக்கிறது, முழுப் பதிவு இன்ன இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி போதும். திரையில் மறைப்பதும் சேமிப்பில் அழிப்பதும் முற்றிலும் வேறு செயல்கள். வழுநீக்கியில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் உள்ளே இருப்பது விரியும். 2009இன் எண்களை அப்படி விரிக்க முயன்றால், பல இடங்களில் உள்ளே ஒன்றுமே எழுதப்படவில்லை என்பதைக் காண்கிறோம்.

எழுத முயன்றபோது தடையும் வந்தது. 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்களை நாட்ட எடுத்த முயற்சி நீதிமன்றத் தடையால் நின்றது. பெயர்களை விரித்து வைக்க ஓர் ஊருக்கு உரிமை இல்லாவிட்டால், அந்த ஊருக்கு மிஞ்சுவது மற்றவர்கள் உருட்டிக் கொடுக்கும் எண் மட்டும்தான்.

நான் கேட்பவை செய்யக்கூடியவை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம், தான் வெளியிடும் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை இந்தப் பட்டியலில் இருக்கிறது, எத்தனை எந்தக் காரணத்தால் விடப்பட்டது என்று எழுதட்டும். பத்திரிகைகள் மே மாதத்தில் எண்களை அச்சிடும்போது, யார் எண்ணியது, எந்த நாளில் இருந்து எந்த நாள் வரை, யாரைச் சேர்க்கவில்லை என்று கூடவே ஒரு வரி சேர்க்கட்டும். ஊர்ப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் இளையவர்கள் கொப்பியின் படத்தையும் பக்கத்தில் வைத்திருக்கட்டும். இரண்டு வரிகளை இணைத்தால், பிறகு பிரிக்கக்கூடியமாதிரி இணைக்கட்டும். எழுதியவருக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் எந்தப் பெயரையும் இரட்டிப்பு என்று தள்ள வேண்டாம். உயர்தரத்துக்குப் பைதான் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அச்சிடும் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் அது எங்கே வெட்டும் என்பதையும் வரம்பை எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்கட்டும். எங்கள் பிள்ளைகள் நாளைக்கு வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வெளிநாட்டுக் கம்பனியிலோ வேலை செய்யும்போதும் அது உதவும்.

இந்த வேலைக்குக் காலம் குறைவாக இருக்கிறது. ஒரே பெயர், ஒரே வயது, ஒரே முதலெழுத்துள்ள இரண்டு பிள்ளைகளில் யார் மாத்தளனில் நின்றான், யார் முள்ளிவாய்க்கால் வரை வந்தான் என்று எந்தக் கருவியும் சொல்லாது. கொப்பியில் எழுதிய தாய் சொல்லுவார். அந்தத் தாய்மாருக்கு வயது போகிறது. அவர்களிடம் கேட்டு, முழுப் பெயரை, முழு வழியை, வெட்டாமல் எழுதி முடித்துவிட்டால், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக் காட்டட்டும். அந்தச் சுருக்கம் எங்கே பொய் சொல்கிறது என்று விரித்துக் காட்ட எங்களிடம் முழுப் பட்டியல் இருக்கும்.